கடல் இல்லாத ஊரின் கரையோரப் பயணம்

உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தால், இன்றைக்கே அவர் அருகில் அமர்ந்து ஒன்று கேட்டுப் பாருங்கள். "நம் ஊரைச் சுற்றி ஐம்பது மைல் தொலைவுக்குள், பார்க்க ஆசைப்பட்டு இதுவரை பார்க்காமலே இருந்துவிட்ட இடம் ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். கிடைக்கும் விடை உங்களை வியக்க வைக்கும்.

என் தாயாருக்கு 76 வயது. இறைவன் அருளால் உம்ராச் செய்து வந்தவர். மக்காவையும் மதீனாவையும் கண்ட அந்தக் கண்கள், எங்கள் சேலத்திலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் கண்டதில்லை. என் தந்தையாருக்கு 82 வயது. 36 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். காஷ்மீரத்து ஆப்பிளும் அஸ்ஸாமின் தேயிலையும் அவருடைய வண்டியில் வந்திருக்கின்றன. பாரதத்தின் நெடுஞ்சாலைகளை எல்லாம் உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர். ஆனால் தம் மனைவியைத் தம் பக்கத்தில் அமர்த்தி அவர் போன பயணங்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இது எங்கள் வீட்டின் தனிக் கதையன்று. நம் சமுதாயத்தில் பல வீடுகளின் கதையும் இதுதான். ஆண்கள் பிழைப்புக்காகத் திசையெல்லாம் திரிந்தார்கள். பெண்கள் அடுப்படிக்கும் முற்றத்துக்கும் இடையில் ஆயுளைக் கழித்தார்கள். முதுமை வந்து இருவரும் ஒரே கூடத்தில் அமரும்போது, சேர்ந்து நினைத்துப் பார்க்க ஒரு பயணம்கூட இல்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டு தை மாதத்தில், மூன்று தலைமுறையும் ஒரே வேனில் ஏறிக்கொண்டோம். பெற்றோர் இருவர், நானும் என் கணவரும், 23 வயது மகன், 14 வயது மகள், என் தம்பியின் 6 வயதுச் சிறுவன் என ஏழு பேர். வண்டியை ஓட்டியவன் மகன். இரண்டு நாள் பயணம். தூரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

கரை என்பது கடலுக்கு மட்டுமா?

கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு போவதை உலகெங்கும் மக்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த நமக்குக் கடல் ஏது? ஆனால் நமக்கும் ஒரு கரை உண்டு. மேட்டூரில் அணையை விட்டு இறங்கும் காவிரி தெற்கே ஓடிப் பின் கிழக்கே திரும்புகிறது. அதன் இடக்கரை முழுவதும், முதலில் சேலம் மாவட்டம், பிறகு நாமக்கல் மாவட்டம். மேட்டூர் தொடங்கி மோகனூர் வரை அந்தக் கரையை ஒட்டியே வண்டியில் வரலாம்.

சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமையான ஜாமிஆ மஸ்ஜிதில் ஆண்கள் பஜ்ருத் தொழுதார்கள். திப்பு சுல்தான் இங்கே தொழுததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சமவெளி மைசூர் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரிக் கணக்குகளை வகுத்தது இம்மண்ணில்தான்.

பள்ளிக்குப் பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்தின் அழுக்கை எல்லாம் சுமந்து, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாற்றின் அருகே காவிரியில் கலக்கிறது. அது போய்ச் சேரும் ஊர்ப்பக்கத்தை மறுநாள் காண்போம் என்று சிறுவர்களிடம் சொல்லி வைத்தோம்.

ஓமலூர் தாண்டி மேச்சேரி வழியே சாலை செல்கிறது. மேச்சேரி என்றதும் குர்பானி ஆடு வாங்குவோருக்கு ஒரு நினைவு வரும். இளம் பழுப்பு நிறமுடைய மேச்சேரி ஆடு, இறைச்சிக்கும் உயர்தரமான தோலுக்கும் பெயர் பெற்ற இனம். தாயாரின் பாட்டனார் இப்பகுதியில் ஆட்டு வியாபாரம் செய்தவர்.

நீருக்கடியில் ஓர் ஊர்

மேட்டூர் அணையின் வேலை 1925இல் தொடங்கி 1934இல் நிறைவு பெற்றது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப் பெயரிட்டார்கள். முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93 டி.எம்.சி.க்குச் சற்று மேல். ஆண்டுதோறும் குறுவைச் சாகுபடிக்கு அணையைத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. தஞ்சைத் தரணியின் நெற்களஞ்சியம் நம்பியிருப்பது இந்தத் தண்ணீரைத்தான். பள்ளிப் பாடத்தில் இவற்றை எல்லாம் நம் குழந்தைகள் படிக்கிறார்கள். ஆனால் தண்ணீர் தேங்க வேண்டுமானால் அதற்கு இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தில் ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, வழிபாட்டிடங்களும் அடக்கத்தலங்களும் இருந்தன.

என் தாயாரின் தாய் பிறந்த சிற்றூர் அவற்றுள் ஒன்று. ஊரைக் காலி செய்தபோது அவருக்குப் பதினைந்து வயது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சாமான்களில் ஒரு கல் திருகை இன்றும் எங்கள் சேலத்து வீட்டின் பின்கட்டில் கிடக்கிறது. கம்பும் உளுந்தும் அரைத்த அந்தத் திருகையைச் சுற்றியபடி, நீரில் மூழ்கிய ஊரைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் என் தாயார் வளர்ந்தார். அந்தத் தண்ணீரை ஒரு முறையேனும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே விழுந்த விதை.

அணையையும், உபரிநீர் வெளியேறும் பதினாறு கண் மதகையும் பார்த்துவிட்டு, கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிப் பரிசல்துறைக்குப் போனோம். நீர்மட்டம் மிகவும் தாழும் கோடைகளில் இங்கே மூழ்கிப் போன ஒரு கோயிலின் நந்தியும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்களில் அந்தப் படங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாங்கள் போனபோது நீர் நிறைந்திருந்தது. எதிர்க்கரையாகிய தர்மபுரி மாவட்டத்து நாகமரை வரை ஒரே நீலம்.

ஒன்றும் தெரியவில்லையே என்று தாயார் மனம் சோர்ந்துவிடுவாரோ என நான் அஞ்சினேன். அவர் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு நீரின் ஓரம் வரை நடந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கபுர்வாசிகளுக்குச் சொல்லும் சலாமைச் சற்று உரக்கவே சொன்னார். பிறகு கையேந்தித் துஆச் செய்தார்.

"நன்னிம்மா, யாருக்குச் சலாம் சொன்னீங்க?" என்று சிறுவன் கேட்டான்.

"இந்தத் தண்ணிக்குக் கீழே என் அம்மாவோட தாதா, தாதி எல்லாரும் அடங்கி இருக்காங்க கண்ணு. அவங்க கபுருக்கு மேலே நிக்கிற தண்ணியில எங்கேயோ நெல்லு விளையுது. அது அவங்களுக்கு நன்மைதானே!"

தந்தையார் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். திரும்பி வருகையில் மெல்லச் சொன்னார்: "தொப்பூர்ல மேட்டூர் ரோடு பிரியுற இடத்துல எத்தனையோ தடவை வண்டியை நிறுத்தி டீ குடிச்சிருக்கேன். ஒரு நாளும் இந்தப் பக்கம் திரும்பினதில்லை."

"இப்பத் திரும்பிட்டீங்கல்ல, போதுங்க" என்றார் தாயார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பயணம் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கரை இன்னும் நீண்டிருந்தது.

தறியோசையும் சாயநீரும்

மேட்டூருக்குக் கீழே காவிரி அடுத்தடுத்துக் கதவணைகளில் தேங்கி நிற்கிறது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று படிப்படியாக அமைந்த இக்கதவணைகள் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையின் நீர்ப்பரப்பில், இடக்கரையிலே பூலாம்பட்டி இருக்கிறது. தென்னையும் நீரும் மலையும் சூழ்ந்த அழகினால் இவ்வூரைக் குட்டிக் கேரளா என்று அழைக்கிறார்கள். இங்கிருந்து விசைப்படகில் ஏறினால் எதிரே ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. மனிதர்களோடு இருசக்கர வாகனங்களும் படகில் ஏறுகின்றன. இளையவர்கள் அக்கரை போய்த் திரும்பினார்கள். பெரியவர்கள் தென்னை நிழலில் ஜமக்காளம் விரித்து அமர்ந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டு வந்த நெய்ச்சோறும் தாளிச்சாவும் அங்கேதான் திறக்கப்பட்டன. ஆற்றுக் காற்றில் உண்ட அந்தச் சோற்றின் ருசியை எழுத்தில் வடிக்க என்னால் இயலாது.

தேவூர் வழியாகக் குமாரபாளையம் வந்தால் காதுக்கு முதலில் எட்டுவது விசைத்தறியின் ஓசை. நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கைலியும் துண்டும் இப்பகுதித் தறிகளில் ஓடுபவை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பவானி. அங்கே பவானியாறு காவிரியோடு கலக்கிறது. நிக்காஹ் வீட்டிலும் விருந்துப் பந்தியிலும் நாம் விரிக்கும் வரிவரியான ஜமக்காளம் அவ்வூர்க் கைத்தறியின் படைப்பு. புவிசார் குறியீடு பெற்றது. மதியம் நாங்கள் அமர்ந்திருந்ததும் பவானி ஜமக்காளத்தின் மீதுதான் என்று மகளுக்குச் சொன்னபோது, அதன் விளிம்பைப் பிடித்துப் புதிய பொருளைப்போல் பார்த்தாள்.

அழகை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது முறையன்று. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் சாயக்கழிவு ஆற்றில் கலக்கும் சிக்கல் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. மேட்டூரில் நீலமாகப் பார்த்த நீரை இங்கே பார்த்த சிறுவன், "தண்ணீருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். ஒளுச் செய்ய ஒரு குவளைத் தண்ணீருக்கும் சுத்தம் பார்க்கும் நாம், ஓர் ஆற்றின் சுத்தத்தைப் பற்றி எவ்வளவு எண்ணுகிறோம்?

பள்ளிபாளையத்தில் ஓர் இரவு

இரவு பள்ளிபாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். இவ்வூரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது ஒரு கோழிக்கறி. மிளகாய் வற்றலும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்த்துச் செய்யும் எளிய பண்டம். வீட்டுக்காரர் தம் கையால் அறுத்த கோழியில் அதைச் சமைத்துப் பரிமாறினார்கள்.

இஷாவுக்குப் பின் மொட்டை மாடியில் அமர்ந்து, சிறுவர்களுக்கு இப்னு பதூதாவின் கதையை என் கணவர் சொன்னார். அட்லாண்டிக் மாக்கடலும் மத்தியதரைக் கடலும் சந்திக்கும் முனையருகே, மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் 1304இல் பிறந்தவர் அவர். 21 வயதில், 1325இல், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டவர் கால் நூற்றாண்டுக் காலம் சுற்றினார். டெல்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாக இருந்தார். நம் தமிழகத்துக்கும் வந்து, மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீனின் அவையைக் கண்டார். 1348இல் டமாஸ்கஸ் திரும்பியபோதுதான், தம் தந்தையார் இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. 1349இல் ஊர் போய்ச் சேர்ந்தார். கொள்ளை நோய் உலகை வாட்டிய காலம் அது. அவர் வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே தாயாரும் மறைந்திருந்தார்.

உலகமே வியக்கும் பயணி அவர். அவருடைய அறிவையும் துணிவையும் போற்றுகிறோம். ஆயினும் கண்ட அதிசயங்களைத் தாயிடம் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. நமக்கோ, இறைவன் அருளால், தாயைப் பக்கத்திலேயே அமர்த்திக்கொண்டு போக வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வேண்டுவது பொருளைவிட மனந்தான்.

வெற்றிலைக் கொடிக்காலும் லாரிகளின் ஊரும்

மறுநாள் காலையில் சேடர்பாளையம் எனவும் வழங்கும் ஜேடர்பாளையத்துக்கு வந்தோம். இங்குள்ள படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிந்து ஓடுகிறது. அதைத் தொடர்ந்து வந்தால் வாழை, கரும்பு, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால், கோரை வயல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையும் பரமத்திவேலூரின் வாழைத்தார் ஏலமும் இவ்வட்டாரத்தின் செல்வங்கள். வேலூர் வெற்றிலையை வாங்கி மடித்துப் போட்டுக்கொண்ட தாயார், "கொழுந்து வெத்தலை கிள்ளின ஊர்லயே திங்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

சேலத்துப் பள்ளிவாசலின் பக்கத்தில் பார்த்த திருமணிமுத்தாறு காவிரியைச் சேர்வது இந்த வட்டாரத்தில்தான். "நம்ம ஊர் ஆறு இவ்வளவு தூரம் நடந்தே வந்துடுச்சா?" என்று வியந்தான் சிறுவன்.

மோகனூரில் காவிரி அகன்று விரிகிறது. 1888இல் இங்கே பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்கள் பாடிச் சென்ற வழிநடைப் பாட்டு அவர் எழுதியது. கடலில்லாத ஊரில் பிறந்தவரின் பாட்டு கடற்கரை வரை நடந்திருக்கிறது!

அங்கிருந்து 18 கிலோமீட்டரில் நாமக்கல். ஒரே பாறையாய் 246 அடி உயர்ந்து நிற்கும் குன்றின்மேல் கோட்டை. இளையவர்கள் படியேறினார்கள், பெரியவர்கள் அடிவாரத்தில் கமலாலயக் குளத்தருகே இருந்தார்கள். 1997 ஜனவரி 1 முதல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்கும் நாமக்கல்லை முட்டைக்கும் லாரிக்கும் தலைநகரம் எனலாம். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைக் கண்டதும் என் தந்தையாருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. மரச்சட்டம் எது, தகடு எது, எந்த வளைவில் பாரம் சாயும் என்று பேரனுக்குப் பாடம் நடத்தினார். அதுவரை முன்னிருக்கையில் அமர்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தவர், அதற்குப் பின் பேரனின் ஓட்டத்தை நம்பிக் காலை மடக்கி அமர்ந்தார்.

சேலம் திரும்பும் நெடுஞ்சாலை அவர் காலத்தில் வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த ஏழாம் எண் சாலை. 2010இல் எண்கள் மாற்றப்பட்ட பின், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும், நாட்டின் மிக நீண்ட 44ஆம் எண் சாலையின் பகுதியாகிவிட்டது. கிழக்கே கொல்லிமலை கூடவே வந்தது. வழிநெடுக அவர் ஊர்ஊராக நினைவு கூர, தாயார் முதன்முறையாக அக்கதைகளை அந்தச் சாலையிலேயே இருந்து கேட்டார்.

புறப்படுமுன் சில சொற்கள்

நீங்களும் இவ்வாறு புறப்பட எண்ணினால், சிலவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள்.

பயணத்தின் வேகத்தை வீட்டின் மூத்தவரின் உடல்நிலை தீர்மானிக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, அவர்களை இறக்கிப் பத்தடி நடக்க விடுங்கள். மருந்து, சீட்டு, வெந்நீர்க் குடுவை, கைத்தடி ஆகியவை மேற்பையில் இருக்கட்டும். அடியில் புதைய வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு உணவு நேரம் தவறக்கூடாது.

பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே, தொழ இடம் எங்கே என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பெண்கள் கழிப்பிடம் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டுத் திரியவே கால்மணி நேரம் ஆயிற்று. பயணத்தில் தண்ணீர் குடிக்கவே நம் பெண்கள் அஞ்சுவது இதனால்தான். வழியூர்ப் பள்ளிவாசல்களில் பயணம் வரும் பெண்களுக்கு ஒளுவுக்கும் தொழுகைக்கும் ஓர் அறை ஒதுக்கினால் அது எத்துணை பெரிய உபகாரம்! ஜமாஅத் நிர்வாகிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதவணை நீரிலும் ஆற்றுப் படுகையிலும் குழந்தைகளைத் தனியே இறக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் ஆழமும் சுழலும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போவது என்பதைப் பெரியவர்களே சொல்லட்டும். ஊட்டியும் கொடைக்கானலும் எங்கும் போய்விடமாட்டா. அவர்களுடைய நெஞ்சில் ஒரு தண்ணீர்த்துறை இருக்கும். ஒரு தறிக்கூடம் இருக்கும். தாய் பிறந்த ஒரு தெரு இருக்கும். அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். எந்த நூலகத்திலும் கிடைக்காத வரலாறு அங்கே வாய் திறந்து பேசும்.

நாளை என்பது இறைவன் கையில். நம் பெற்றோருக்கு நீண்ட ஆயுளையும், அவர்களை அழைத்துச் செல்லும் மனத்தையும் வசதியையும் நமக்கும் அவன் அருள்வானாக, ஆமீன்.